தொங்கிய பருத்தி டாப்பும் டொரொன்டோ ஸ்வெட்டரும்

கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர், வயது 47. ஆறு மாதமாக வீடியோ பார்த்து ஊசிப் பின்னல் கற்றுவருகிறார். நம் வெயிலுக்கு ஏற்றதாக இருக்கட்டும் என்று பருத்தி நூல் வாங்கி, கையில்லாத கோடைக்கால டாப் ஒன்றைப் பின்னியிருக்கிறார். ஊசியிலிருந்து இறக்கியபோது இடுப்பில் நின்ற டாப், ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய் வருவதற்குள் தொடைக்கு இறங்கிவிட்டது. அடுத்ததாக, டொரொன்டோவில் படிக்கும் மகளுக்குக் குளிர் தொடங்கும் முன் ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்ப ஆசைப்படுகிறார். "ஒரு டாப்பே ஒழுங்காக வராதவளுக்கு ஸ்வெட்டர் வருமா? எங்கே தவறினேன்? எந்த நூல், எவ்வளவு நூல் வாங்க வேண்டும், என்ன செலவாகும்?" என்பது கேள்வி.

வரும். அந்த டாப்பைவிட ஸ்வெட்டர் எளிது. உங்கள் கையில் குறை இல்லை; தொடங்கிய இடம்தான் பிசகு. வெயில் ஊரில் கம்பளி எதற்கு என்று எல்லோரும் பருத்தியில் கை வைக்கிறார்கள், முதல் உடுப்பு தொங்கிப்போனதும் ஊசியைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். கம்பளி கற்றுக்கொள்பவரின் பிழையைத் தானே சரிசெய்துகொள்ளும். பருத்தி ஒவ்வொரு பிழையையும் ஊருக்குக் காட்டிக்கொடுக்கும். கோயம்புத்தூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் பழகுவது கம்பளியிலோ கம்பளி கலந்த நூலிலோ இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. அதை ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்று விளக்கிவிடுகிறேன். பிறகு உங்கள் மகளின் ஸ்வெட்டருக்கு வருவோம்.

தறியில் நெய்த துணியில் பாவும் ஊடும் ஏறக்குறைய நேராக ஓடுகின்றன. அதைப் பிடித்து இழுத்தால் கொடுப்பது கொஞ்சம்தான். பின்னலில் ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணியாகி, ஒவ்வொரு கண்ணியும் கீழ்க் கண்ணிக்குள் நுழைந்து நிற்கிறது. பக்கவாட்டில் இழுத்தால் கண்ணி அகன்று குட்டையாகும். கீழே இழுத்தால் ஒடுங்கி நீளும். திருப்பூர் பனியனும் இதே பின்னல்தான், இயந்திரம் பின்னியது என்பது மட்டுமே வேறுபாடு. பழைய டி-ஷர்ட் ஒன்றை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: வெளிப்புறம் "வி" வடிவில் பிளெயின், உட்புறம் மேடு மேடாகப் பர்ல். அதன் கீழ் ஓரத்தைக் கத்தரித்து இழுத்துவிட்டால் அங்கே துணி சுருண்டுகொள்ளும். நீங்கள் பின்னும் துணி ஓரத்தில் சுருள்வதும் அதே காரணத்தால்தான். அது உங்கள் பிழை அல்ல. ஓரங்களில் பிளெயினும் பர்லும் மாறி மாறி வரும் ரிப் வைப்பதோ இரு பக்கமும் பிளெயினாகவே பின்னுவதோ அதற்காகத்தான்.

இப்போது அந்தக் கண்ணியைக் கம்பளியில் எண்ணிப் பாருங்கள். ஆட்டு மயிருக்கு இயல்பிலேயே நெளிவு உண்டு. இழுத்தால் நெளிவு நிமிரும், விட்டால் பழையபடி சுருங்கும். அதனால் நாளெல்லாம் அணிந்து தளர்ந்த கம்பளி ஸ்வெட்டர், நீரில் அலசிப் பரப்பிக் காயவைத்ததும் தன் வடிவத்துக்குத் திரும்புகிறது. பருத்தி இழைக்கு அந்தச் சுருள்வில் குணம் இல்லை. ஒரு முறை நீண்ட கண்ணி நீண்டதுதான். துவைத்தால் ஓரளவு சுருங்கும், போட்டதும் மறுபடி இறங்கும். மேலும் பருத்தி கனம். ஒரே தடிமனில் 50 கிராம் கம்பளி உருண்டை ஏறக்குறைய 120 மீட்டர் ஓடினால் பருத்தி 85 முதல் 100 மீட்டரோடு நின்றுவிடும். அதாவது அதே உடுப்புக்கு எடை கூடுகிறது, அந்த எடை முழுவதும் தோளிலிருந்து தொங்குகிறது, தொங்கும்போது தாங்கிப் பிடிக்க இழையில் சுருக்கம் இல்லை. உங்கள் டாப் தொடைக்கு இறங்கியதில் வியப்பென்ன?

அதை ஒரு தராசில் வைத்துப் பாருங்கள். கடையில் வாங்கும் பெண்கள் டி-ஷர்ட் சுமார் 150 கிராம் இருக்கும். உங்களுடையது 400 கிராமைத் தாண்டினால் நூல் அளவுக்கு மீறித் தடிமன் என்று பொருள்.

நான் கற்றது குன்னூரில், கல்யாணமாகிப் போன வீட்டில். என் அத்தை தீபாவளிப் பலகாரம் தீர்ந்த மறுநாள் ஊசியை எடுப்பார், சிவராத்திரிக்குப் பிறகுதான் வைப்பார். எனக்கு முதலில் கொடுத்தது ஒரு தேய்ந்த ஸ்வெட்டரைப் பிரித்த நூல். "புது நூலைப் புது மருமகள் கையில் கொடுக்கக் கூடாது" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. அந்தப் பழைய கம்பளியில் நான் போட்ட கோணல் கண்ணியெல்லாம் ஒரு முறை நனைத்து உலர்த்தியதும் ஒழுங்காக நின்றபோதுதான் அவர் செய்த உபகாரம் புரிந்தது.

சரி, மகளின் ஸ்வெட்டர்.

முதலில் அவள் எங்கே போட்டுக்கொள்ளப் போகிறாள் என்பதை நினையுங்கள். டொரொன்டோ குளிரை நினைத்து எல்லா அம்மாக்களும் விரல் தடிமன் நூலில் கனத்த ஸ்வெட்டர் பின்னி அனுப்புகிறார்கள். அங்கே வீடும் வகுப்பும் பஸ்ஸும் சூடேற்றப்பட்டிருக்கும். தெருவில் நடக்கும் நேரத்துக்கு மேலே கோட் உண்டு. கைப்பின்னல் காற்றைத் தடுக்காது, கண்ணிகளுக்கு இடையே புகுந்துவிடும். கம்பளியின் வேலை தன் இழைகளுக்குள் அசையாத காற்றைத் தேக்கி வைப்பது. எனவே கோட்டுக்கு உள்ளே அடங்குகிற, வகுப்பில் கழற்றாமலே உட்காரக்கூடிய நடுத்தரத் தடிமன் போதும். கடையில் டி.கே. (டபுள் நிட்டிங்) என்று கேட்டால் கொடுப்பார்கள், 4 மில்லிமீட்டர் ஊசிக்கு ஏற்ற நூல்.

நம் கடைகளில் "4 பிளை" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பிளை என்பது எத்தனை இழைகளை முறுக்கியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. ஒவ்வோர் இழையும் எவ்வளவு தடிமன் என்பதை அது சொல்லாது. உருண்டையைச் சுற்றிய காகிதப் பட்டியில் ஊசி அளவும், 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்பதும், எத்தனை மீட்டர் என்பதும் போட்டிருந்தால் அவைதான் உண்மை பேசும். ஊசியிலும் ஒரு குழி இருக்கிறது. நம் கடை ஊசிகளில் இருப்பது பழைய பிரிட்டிஷ் எண்: 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75. எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க வீடியோவில் எட்டாம் எண் ஊசி என்று சொன்னால் அது 5 மில்லிமீட்டர், அங்கே எண் ஏற ஏற ஊசி பருக்கும். வீடியோவைக் கேட்டு எட்டாம் எண் வாங்கிக்கொண்டு போய்க் குழம்பிய எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். எண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரில் மட்டும் பேசுங்கள்.

நூல் எந்த வகை என்பதை மகளின் துணி துவைக்கும் முறை தீர்மானிக்கட்டும். மாணவர் குடியிருப்பில் எல்லாம் ஒரே இயந்திரத்தில் போகும், பிறகு சூடான உலர்த்தியில். சாதாரணக் கம்பளி அதில் போனால் திரும்பி வராது. கம்பளி இழையின் மேல் மீன் செதிள் போல நுண்செதிள்கள் உண்டு. சூடும் சோப்பும் உருட்டலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுத் துணி சுருங்கி இறுகி, ஃபெல்ட் எனப்படும் கெட்டித் துணியாகிவிடும். குன்னூரில் என் வீட்டுக்காரருக்கு இரண்டு மாதம் பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டரை, தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதே என்று வெந்நீர் ஊற்றிக் கசக்கிவிட்டேன். எதிர் வீட்டு மூன்று வயதுப் பையன் அதைப் பள்ளிக்கூடம் போகும்வரை போட்டான். நன்றாகவே இருந்தது அவனுக்கு.

மகள் கையால் அலசுவாள் என்று நீங்கள் சத்தியம் செய்தால் மெரினோ என்ற நல்ல மிருதுவான ஆட்டுக் கம்பளி வாங்குங்கள். சத்தியம் செய்ய முடியாதென்றால், செதிள் நீக்கிப் பூச்சுக் கொடுத்த சூப்பர்வாஷ் கம்பளி, அல்லது கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்தது. சூப்பர்வாஷ் இயந்திரத்தைத் தாங்கும். ஆனால் செதிள் போனதால் பிடிமானம் குறைந்து, நனைத்ததும் சற்றே பெருகும் குணம் உண்டு. முழு அக்ரிலிக் மலிவு, பூச்சி தொடாது, பழக நல்லது. இஸ்திரிப் பெட்டியை மட்டும் அதன் அருகே கொண்டுபோகாதீர்கள், உருகித் துவண்டு போகும். நீவிப் பார்த்தால் பளபளவென்று வழுக்கும் அக்ரிலிக்கைத் தவிர்த்துவிடலாம். ஒரே பருவத்தில் அக்குளில் உருண்டை உருண்டையாகத் திரளும்.

அடுத்து, யாரும் விரும்பாத ஆனால் விட முடியாத வேலை: மாதிரித் துண்டு. டாப்புக்கு நீங்கள் அதைச் செய்திருக்க மாட்டீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். 34 கண்ணி ஏற்றி, 15 சென்டிமீட்டர் சதுரமாகப் பின்னி, ஸ்வெட்டரை எப்படித் துவைப்பார்களோ அப்படியே துவைத்துக் காயவைத்து, நடுவில் மட்டும் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி, எத்தனை வரி என்று எண்ணுங்கள். ஓரத்தை எண்ணாதீர்கள், ஓரம் பொய் சொல்லும். இரண்டு கண்ணி வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்ற கணக்கில் 200 கண்ணி போட்டால் மார்புச் சுற்று 100 சென்டிமீட்டர். உங்கள் கை இறுக்கமாகி 22 விழுந்தால் அதே 200 கண்ணி 91 சென்டிமீட்டர்தான். உங்கள் மகள் மூச்சு விட வேண்டாமா? 22 வந்தால் கையைத் தளர்த்தப் பார்க்காதீர்கள், அது பத்து வரிக்கு மேல் நினைவிருக்காது. அரை மில்லிமீட்டர் பெரிய ஊசிக்கு மாறுங்கள்.

டிசைன் புத்தகம் தேடி அலைய வேண்டாம். இங்கிலாந்தில் 1910இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எலிசபெத் சிம்மர்மன் என்ற பின்னல் ஆசிரியை ஒரு விழுக்காட்டுக் கணக்கை விட்டுச் சென்றிருக்கிறார். உடம்பின் கண்ணி எண்ணிக்கையை நூறாக வைத்து மற்றதெல்லாம் அதில் பங்கு. மணிக்கட்டில் ஐந்தில் ஒரு பங்கு, மேல்கையில் மூன்றில் ஒரு பங்கு, அக்குளில் நூற்றுக்கு எட்டு, கழுத்தில் நாற்பது. உங்கள் மகளின் மார்பளவு 90 என்று வைத்துக்கொள்வோம், உள்ளே சட்டை போட இடம்விட்டு 100 சென்டிமீட்டர் பின்னுகிறீர்கள், 200 கண்ணி. மணிக்கட்டுக்கு 40 கண்ணி ஏற்றி, மேலே போகப்போகக் கூட்டி மேல்கையில் 66. அக்குளுக்கு உடம்பின் இரு பக்கமும் 16, ஒவ்வொரு கையிலும் 16 தனியே நூலில் கோத்து நிறுத்திவைக்க வேண்டும். மீதி: உடம்பில் 168, கைக்கு 50 வீதம் 100, மொத்தம் 268. உடம்பு ஒன்று, கை இரண்டு என்று குழாயாகப் பின்னிய இந்த மூன்றையும் ஒரே வட்ட ஊசியில் சேர்த்துவிடுங்கள். கையும் உடம்பும் சந்திக்கும் நான்கு இடங்களிலும் பக்கத்துக்கு ஒன்றாக, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் எட்டுக் கண்ணி குறையுங்கள். 23 முறை குறைத்தால் 184 போய் 84 நிற்கும். அதுதான் கழுத்து. 10 சென்டிமீட்டருக்கு 28 வரி என்றால் இந்த 46 சுற்றும் சேர்ந்து 16 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும், தோளுக்கு அளவான ஆழம். அத்தையிடம் இந்தக் கணக்குக் கிடையாது. ஆளைச் சுவரோரம் நிறுத்தி ஊசியோடு சேர்த்து முதுகில் வைத்துப் பார்ப்பார், அவ்வளவுதான். அவருக்கு முப்பது வருடப் பழக்கம், நமக்குப் பெருக்கல் வாய்ப்பாடு.

கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக ஓடும் இந்த அமைப்புக்கு ரேக்லன் என்று பெயர். 1815இல் வாட்டர்லூ போரில் வலக்கையை இழந்த பிரிட்டிஷ் படைத்தலைவர் ராக்லன் பிரபுவின் பெயர் அது. முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டருக்குப் பெயர் தந்த கார்டிகன் பிரபு, கிரிமியப் போரில் அவருக்குக் கீழே இருந்தவர். அந்தப் போரின் தளபதிகளைப் பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் மறந்தவர்களும் துணி அலமாரியில் வைத்திருக்கிறார்கள்.

மேலிருந்து கீழாகவும் இதையே பின்னலாம், கழுத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே இறங்குவது. தொலைவில் இருக்கும் ஒருவருக்கு நான் கீழிருந்து மேலே என்பதையே விரும்புவேன், ஆனால் நீளம் பற்றிச் சந்தேகம் இருந்தால் மேலிருந்து தொடங்குங்கள். கடைசியில் இன்னும் இரண்டு அங்குலம் சேர்ப்பது சுலபம். மகளிடம் உடம்பளவு கேட்காதீர்கள். அவளுக்குப் பிடித்த, கச்சிதமாகப் பொருந்தும் ஒரு ஸ்வெட்டரைத் தரையில் பரப்பி அகலம், நீளம், அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை, மூன்றையும் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். உடம்பை அளக்கச் சொன்னால் மூச்சை இழுத்துக்கொண்டு அளப்பார்கள்.

இந்த அளவுக்கு டி.கே. நூல் 1,200 மீட்டர் அருகே வேண்டும், 120 மீட்டர் உருண்டையானால் பத்து. பதினொன்றாக வாங்குங்கள். பட்டியில் நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு சாயத் தொகுதி எண் இருக்கும், எல்லா உருண்டையிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வேறு தொகுதியின் கறுப்பு கறுப்பாக இராது. வெயிலில் நின்றால் மார்பின் குறுக்கே கோடு தெரியும். வேறு வழியில்லாமல் இரண்டு தொகுதி கலந்துவிட்டால், இரண்டு வரி இதில், இரண்டு வரி அதில் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் கண்ணுக்குத் தெரியாது. மகள் கயிறு முறுக்கு டிசைன் கேட்டால் ஒப்புக்கொள்ளும் முன் யோசியுங்கள். அது துணியை உள்ளிழுத்து அகலத்தைக் குறைக்கும், நூலும் கூடுதலாக விழுங்கும்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடை ஸ்வெட்டரைவிட மலிவாக வராது, அந்த எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் மேலே சொன்ன ஸ்வெட்டரில் ஏறக்குறைய 50,000 கண்ணி. நிமிடத்துக்கு 20 கண்ணி வேகம் என்றால் 42 மணி நேரம் சுமார். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒன்றரை மாதம். தொடங்கும் நாளை இதை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள், தபாலில் போகும் நாட்களையும் சேர்த்து.

வீடியோ பார்த்துக் கற்றவர்கள் என்றால் ஒன்றைச் சோதிக்கச் சொல்வேன். பிளெயின் பக்கத்தில் "வி" கால்கள் அடியில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டு நிற்கின்றனவா? அப்படியானால் ஒவ்வொரு கண்ணியையும் முறுக்கிப் பின்னுகிறீர்கள். கண்ணியின் பின்காலில் ஊசியை நுழைப்பதாலோ, பர்லில் நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றுவதாலோ வரும். துணி அழகாகவே இருக்கும், ஆனால் விறைத்து, ஸ்வெட்டர் முழுவதும் சற்றே ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். கண்ணாடி முன் நின்று அக்குள் தையல் ஏன் வயிற்றுக்கு வருகிறது என்று குழம்புவீர்கள். கண்ணி நழுவி விழுந்தால் பயப்பட வேண்டாம், குரோஷா ஊசியால் ஏணிப்படி ஏறுவது போல ஒவ்வொரு படியாக மேலே கொண்டுவரலாம். கம்பளியில் விழுந்த கண்ணி அங்கேயே நின்று காத்திருக்கும். பருத்தியில் விழுந்தது அடுத்த நிமிடம் நாலு வரி கீழே ஓடியிருக்கும்.

ஸ்வெட்டரோடு ஒரு சீட்டும் வைத்து அனுப்புங்கள்: வெதுவெதுப்பான நீர், பிழியக் கூடாது, துண்டில் வைத்துச் சுருட்டி அமுக்கி நீரெடுத்துத் தரையில் பரப்பிக் காயவைக்க வேண்டும், ஹேங்கரில் மாட்டக் கூடாது. பூச்சியைப் பற்றியும் எழுதலாம். கம்பளியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. வியர்வையும் உணவுக் கறையும் உள்ள துணி அதற்கு இனிக்கும். அலசாமல் அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைப்பதைவிட, அலசி நன்றாக உலர்த்தி மூடி வைப்பது மேல்.

இனி உங்கள் கோடைக்கால டாப். அதை விட்டுவிடச் சொல்லவில்லை, ஸ்வெட்டருக்குப் பிறகு செய்யுங்கள் என்கிறேன். ஒரு விஷயத்தில் ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்: கைப்பின்னல் பருத்தி, வாயில் புடவையைப் போலக் காற்றோட்டமாக ஒருபோதும் இராது. சித்திரை மதியத்தில் அதைப் போட்டுக்கொண்டு காந்திபுரம் பஸ் நிலையத்தில் நின்றால் என்னைச் சபிப்பீர்கள். ஏசி அலுவலகம், மார்கழி மாலை, மலைப் பயணம், உள்ளே மெல்லிய பனியன், இதற்கெல்லாம் அது அருமையான உடுப்பு.

நூல் மெலிதாக இருக்க வேண்டும், 100 கிராமுக்கு 350 முதல் 420 மீட்டர் வரை. ஊசி அந்த நூலுக்கு வழக்கமாகச் சொல்வதைவிட ஓர் அளவு பெரிது, துணி தளர்ந்து விழ வேண்டும் என்பதற்காக. துளை டிசைன் போட்டால் எடை இன்னும் குறையும். கையில்லாத டாப்புக்கு 650 முதல் 800 மீட்டர் போதும், எடை ஏறக்குறைய 200 கிராமில் நிற்கும். பளபளப்பூட்டிய மெர்சரைஸ்டு நூல் வாங்கினால் ஊசி முனையில் இழை பிரிந்து தொல்லை கொடுப்பது குறையும். லினன் கலந்தது முதலில் சணல் போலக் கையைக் கடிக்கும், துவைக்கத் துவைக்க மெத்தென்றாகும். மூங்கில் என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ். வழுவழுப்பில் மயங்காதீர்கள், எல்லாவற்றிலும் அதிகம் தொங்குவது அதுதான், நனைந்தால் வலுவும் குறையும்.

நீங்கள் கோயம்புத்தூரில் இருப்பதால் வெளியூர்க்காரர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு: கோனில் சுற்றிய மில் நூலைக் கிலோக் கணக்கில் வாங்கலாம். 2/20 என்று கேளுங்கள், இருபதாம் நம்பர் இரட்டை முறுக்கு. அதில் நான்கு இழைகளைச் சேர்த்துப் பின்னினால் 100 கிராமுக்கு ஏறத்தாழ 420 மீட்டர் வரும், நான் மேலே சொன்ன மெல்லிய நூல் அளவு அப்படியே. பனியனுக்கான ஒற்றை இழை நூல் வேண்டாம், முறுக்குக் குறைவு, ஊசி பட்டாலே பிரியும். வெளுக்காத, சாயமிடாத கோரா நூலானால் பின்னும் முன் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்து அலசிவிடுங்கள். இயற்கை மெழுகு போகாத கோரா நூல் வியர்வையை உறிஞ்சாது. சுருங்க வேண்டியதும் உடுப்பான பிறகு சுருங்கும்.

கம்பளியில் நீங்கள் பழகிய ஒரு சௌகரியம் இங்கே இல்லை. கம்பளி நூல் இரண்டு முனைகளையும் நனைத்து உள்ளங்கையில் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும், அத்தை எச்சில் தொட்டுத்தான் சேர்ப்பார். பருத்தி ஒட்டாது. முனைகளை நீளமாக விட்டு ஊசியால் உட்புறம் கோத்து மறைக்க வேண்டும், நடு மார்பில் முடிச்சு விழாமல் புது உருண்டையைப் பக்க ஓரத்தில் தொடங்க வேண்டும். மணிக்கட்டு வலிக்கும், ஏனென்றால் ஒவ்வொரு கண்ணியிலும் கம்பளி கொடுத்த நெகிழ்வைப் பருத்தி தராது. அரை மணிக்கு ஒரு முறை வைத்துவிடுங்கள்.

தோள்தான் உயிர்நிலை. டாப்பின் முழு எடையும் அங்கேதான் தொங்குகிறது. ஒரே குழாயாகத் தையலே இல்லாமல் பின்னுவது ஸ்வெட்டரில் அழகு, பருத்தியில் ஆபத்து. முன்னும் பின்னும் தனித்தனியே பின்னித் தோளிலும் பக்கத்திலும் சேர்த்துத் தையுங்கள். அந்தத் தையல் எலும்பு போல நின்று தாங்கும். பின்கழுத்தின் உட்புறம் தோளிலிருந்து தோள்வரை ஒரு குரோஷா சங்கிலி போட்டு இறுக்கிவிட்டால் கழுத்து அகன்று நழுவாது. மாதிரித் துண்டைத் துவைத்த பிறகு மேல் ஓரத்தைக் கொடியில் மாட்டி, கீழ் ஓரத்தில் நாலைந்து துணிக் கிளிப்புகளைக் கவ்வவிட்டு ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் தொங்கும் நிலையிலேயே அளந்து, அந்த வரிக் கணக்கை வைத்து நீளம் போடுங்கள். பத்துக்கு ஒரு பங்கு நீண்டால், 55 சென்டிமீட்டர் வேண்டிய டாப்பை ஊசியில் 50 வந்தவுடன் நிறுத்த வேண்டும். ஊசியில் குட்டையாகத் தெரியும், கை பரபரக்கும், இன்னும் நாலு வரி போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள்.

தொடைக்கு இறங்கிய அந்தப் பழைய டாப்பைத் தூக்கிப் போட வேண்டாம். கீழ் ஓரத்தில் ஒரு சாண் பிரித்து மூடினால் சில நாள் சரியாக இருக்கும், மறுபடி இறங்கும்; அதனால் முழுவதும் பிரித்துவிடுங்கள். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, கட்டி, வெந்நீரில் நனைத்து, ஈரத்தோடு தொங்கவிட்டு அடியில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கட்டுங்கள். காய்ந்ததும் நெளிவெல்லாம் போய் நூல் புதிது போலாகும். தடிமன் நூல் என்பதால் டாப்புக்கு மறுபடி எடுக்காதீர்கள். குளியலறை மிதியடிக்கும், சமையலறையில் பாத்திரம் பிடிக்கும் துணிக்கும் அதைவிடத் தோதான நூல் கிடைக்காது. அவற்றை எவ்வளவு இழுத்தாலும் கேட்பாரில்லை.